எண்பது வரைக்கும் ஒரு கணக்கு

1

"அறுபத்தஞ்சு வரைக்கும் போட்டாப் போதும்…"

"ஏன், உங்களுக்கு அறுபத்தாறானா எனக்குப் பசிக்காதா?"

"நம்ம லயத்துல யாருடி எழுபதப் பாத்தது?"

"நான் பாக்குறேன். எண்பதுன்னு எழுதுங்க."

கதை இப்படித்தான் என்னிடம் வந்தது. 1979, இலங்கை மலையகத்தில் வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடவில்லை. அந்தப் பக்கம் வீரய்யாவும் காளியாயியும். அவருக்கு ஐம்பத்தைந்து, அவளுக்கு ஐம்பது. அடுத்த மாதம் இருவரும் வேலையிலிருந்து நிற்பதாக ஏற்பாடு. இருவரின் சேமலாப நிதியும் சேர்த்துக் கையில் வரப்போவது ஆறாயிரம் ரூபா. மரக்கறித் தோட்டம் இருப்பதால் மாதம் ஐம்பது போதும், பத்து வருடம் ஓடும் என்பது வீரய்யாவின் கணக்கு.

[அன்று மலையெங்கும் மழை… வேண்டாம். தகரக் கூரையில் மழை பெய்திருந்தால் எனக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது.]

2

முதலில் வீரய்யாவைக் குடிகாரராக எழுதினேன். காளியாயி சுலபமாக வென்றுவிட்டாள். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். பீடிகூடப் பிடிக்காத மனிதர் அவர்.

3

"அரிசி?"

"போட்டாச்சு."

"மருந்து?"

"போட்டாச்சு புள்ள."

"காம்பரா வாடகை?"

வீரய்யா சிரித்தார். "லயத்துக்கு எவன் வாடகை கட்டுறான்?"

"செக்றோல்ல பேரு இருக்கவன் கட்டமாட்டான். நம்ம ரெண்டு பேரு பேரையும் அதுல வெட்டிட்டா? மகன் கொழும்புக் கடையில. காம்பராவக் கேப்பாங்க. பின்னால உள்ள மரக்கறித் தோட்டத்தையும் கேப்பாங்க."

சிரிப்பு நின்றது.

(செக்றோல், தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு. அந்த லயத்தில் பிறந்த எனக்கும் அது தோன்றியதில்லை. வாடகை கொடுத்தே அறியாதவர்களுக்குக் கூரை ஒரு செலவென்று எப்படித் தெரியும்?)

4

மகன் திரும்பிவந்து செக்றோலில் பேர் பதிவதாக ஒரு முடிவு எழுதினேன். அவனைக் கேட்காமல் கொழுந்து மலைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இருவரும் வட்டவளை டவுனில் அறை பார்ப்பதாக இன்னொன்று. ஆறாயிரம் மூன்று வருடத்தில்…

வேண்டாம். நடந்தது எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். சுவருக்கு மேலாக வந்த மீதிப் பேச்சு இது. இதற்கப்புறம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

"நீங்க நில்லுங்க. நான் நிக்கல. இன்னும் பத்து வருசம் என் பேரு இருக்கட்டும்."

"ஒன் முட்டி தாங்குமா?"

"கட்டிக்கிட்டுப் போறேன்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"விடியக்காலம் பேரு கூப்பிடுற பெரட்டுக்கு நான் ஓடணும். ரொட்டி யாருங்க சுடுறது?"