சாமைக்காட்டுக் காவல்

சாமை கதிர் பிடித்துவிட்டால் போதும், என் புருஷன் முத்தனுக்கு மகாராஜா களை வந்துவிடும். வீட்டுக்கு மேலேயுள்ள காட்டில் ராத்திரி பன்றி இறங்காமல் காவல் காக்கிறவர் அல்லவா! பொழுது சாயும்போதே கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக் காவல் பரணுக்குக் கிளம்பிவிடுவார். விடிந்ததும் வந்து, "அத்தாயி, பொட்டுக் கண்ணு மூடலை புள்ளே" என்று முனகிக்கொண்டே சுடுதண்ணீர் கேட்பார். அவர் தூங்குவதற்காகப் பிள்ளைகளை நான் வெளியே விரட்ட வேண்டும். எங்கள் மலையில் அரியூர் நாட்டு ஆம்பளைகள் எல்லோரும் இந்தக் கஷ்டத்தைச் சொல்லிச் சொல்லித்தான் மீசையை முறுக்கினார்கள்.

எனக்கு மூன்று பிள்ளைகள். பெரியவள் தூங்கினால் பையன் தண்ணீர் கேட்பான். அவன் அடங்கினால் பாப்பா விழித்துக்கொள்ளும். மூன்றும் தூங்கியபின் அடுப்போரம் காலை நீட்டி, யாரும் தொடாமல், யாரும் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. ஒரு நாளும் அது கிடைத்ததில்லை. உட்காரும்போதே பாப்பா வீறிடும், இல்லாவிட்டால் எனக்கே கண் சொருகிவிடும்.

மலைக்கு ரோடு வராத காலம் அது. அந்த வருஷம் கதிர் முற்றும் நேரத்தில் நம்ம காவல்கார ஐயாவுக்குக் காய்ச்சல் வந்தது. "பன்னி பூந்துட்டா வருசத்துக் கஞ்சி போச்சு" என்று படுத்துக்கொண்டே புலம்பினார். பிள்ளைகள் தூங்கியதும் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு நானே காவலுக்குப் போனேன்.

பரணில் ஏறியவள் அப்படியே நின்றுவிட்டேன். மெத்தை மாதிரி வைக்கோல். நான் வீடெல்லாம் தேடிய இலவம்பஞ்சுத் தலையணை அதன்மேல். மூலையில் வறுத்த பலாக்கொட்டை. சேந்தமங்கலம் சந்தையிலிருந்து சுமந்து வந்த மண்ணெண்ணெய்த் தகரம் பக்கத்துக் கிளையில் தொங்கியது, அதை ஒட்டி ஒரு கட்டை. காற்றடித்தால் கட்டை தகரத்தில் மோதுகிறது. ராத்திரி முழுக்க மனுஷன் தட்டுகிறார் என்று நான் பரிதாபப்பட்ட சத்தம் இதுதான். தட்டியது காற்று, களைத்துப்போனது இவர்! இதற்கு நான் சுடுதண்ணீர் வேறு வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கோபம் பொங்கியது. ஆனால் வைக்கோலில் காலை நீட்டியதும் அதுவும் போய்விட்டது. யாரும் அம்மா என்று கூப்பிடவில்லை. கொண்டையை அவிழ்த்துக் கோதிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பலாக்கொட்டையை ஒன்றுவிடாமல் நானே தின்றேன். கல்யாணமான பிறகு நான் தனியாக இருந்தது அன்றுதான். சந்தோஷத்தில் அழுகைகூட வந்தது.

காய்ச்சல் விட்டதும் அவர் கம்பளியைத் தேடினார். அது என் தோளில் இருந்தது.

"நீங்க ஊட்டுல படுங்க. காவலை நான் பாத்துக்கறேன்."

"பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? ராத்திரியெல்லாம் தகரம் தட்டோணும்."

"காத்துதானுங்க தட்டுது. நான் பாத்துட்டேன்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. பாயை விரித்தார்.

மறுநாள் ராத்திரியே பரணுக்குக் கீழே சலசலப்பு. பன்றிதான் என்று தடியை எடுத்தேன். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, பையனை இழுத்துக்கொண்டு ஐயா நின்றிருந்தார். பெரியவள் முன்னால் பந்தம் பிடித்திருந்தாள்.

"ஒண்ணு தண்ணிங்குது, ஒண்ணு கதை சொல்லுங்குது. ஊட்டுல மனுசன் இருக்க முடியுமா? நீ இதுகளைக் கூட்டிட்டுப் போ, புள்ளே. நான் காவல் பாக்கறேன்."

ஒரே ராத்திரியில் மீசை தொங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. கிடைத்த கொஞ்ச நேரத்தையும் பிடுங்க வந்துவிட்டாரே!

"எல்லாத்தையும் மேல ஏத்துங்க" என்றேன்.

ஏறிவந்த களைப்பில் பிள்ளைகள் வைக்கோலில் விழுந்ததும் தூங்கிவிட்டன. காவல்காரரும் செத்த நேரம் என்று சாய்ந்தார், குறட்டை கிளம்பியது. நான் கம்பளியை நால்வருக்கும் இழுத்துப் போர்த்திவிட்டு, சத்தமில்லாமல் இறங்கினேன்.

வீடு காலியாக இருந்தது. கதவைத் தாழிட்டேன். அடுப்போரம் காலை நீட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே காட்டில் பாப்பா வீறிட்டது. பின்னாலேயே, "அத்தாயீ! ஏ அத்தாயீ!" என்று அவர் கூவினார்.

கூவட்டும். பன்றியாவது அண்டாமல் இருக்கும்.