ஈர மணலில் பதினொரு கிலோமீட்டர்

காலை ஐந்து ஐம்பத்திரண்டு. நர்ஸ் மருந்துப் பெட்டியைச் சைக்கிளின் பின்கேரியரில் வைத்து ரப்பர் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றினாள். மூடியில் பதித்திருந்த வெப்பமானி நான்கு டிகிரி காட்டியது.

ஆறு நாற்பதுக்குக் கடல் முழுதாக இறங்கிவிடும். கரையோர மணல் தார்ச்சாலை மாதிரி இறுகிக் கிடக்கும். அதிகம் போனால் ஒரு மணி நேரம் அப்படி இருக்கும். பிறகு தண்ணீர் ஏறத் தொடங்கும்.

பாறைமுனைக்கு அப்பால் முப்பத்தொரு வீடுகள். பாலம் உடைந்ததிலிருந்து ஜீப் நாற்பத்தேழு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியிருந்தது. தடுப்பூசிக்காக வாராவாரம் அவ்வளவு தூரம் போவதை நிறுத்திவிடலாம் என்று ஆபீசில் பேச்சு வந்தது. கடற்கரை வழியாகப் பதினொன்றுதான், நான் சைக்கிளில் போகிறேன் என்று நர்ஸ் ஒற்றைக்காலில் நின்றாள். கை அகல டயர் வைத்த சைக்கிள், மணலில் புதையாது. மேலதிகாரி பத்து நாள் யோசித்தார். ஒரு தடவை பார்க்கலாம் என்றார். அவர் ஜீப்பில் முன்பே போய்க் காத்திருப்பார். சைக்கிள் எட்டு மணிக்குள் அங்கே வந்துவிட வேண்டும். பெட்டி எட்டு டிகிரியைத் தாண்டக்கூடாது. இல்லையென்றால் அந்த வீடுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். ஆபீசில் அவருக்குப் பெயரே ‘எட்டு டிகிரி’தான்.

சைக்கிள் கொழுந்தனுடையது. ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“காத்து செமையா அடிச்சு வச்சிருக்கேன் அண்ணி. ராத்திரி உட்கார்ந்து அடிச்சேன்.”

“சரிப்பா, ஆடாம பிடி.” அவள் கவனம் முடிச்சில் இருந்தது.

“அண்ணன் எழுந்து கேட்டா என்ன சொல்றது?”

“ட்யூட்டிக்குப் போயிட்டேன்னு சொல்லு.”

“விழுந்துட்டா எனக்கு ஒரு போன் போடுங்க.”

“விழுந்தா எழுந்திருப்பேன். உனக்கு எதுக்குப் போன்?”

கடையைத் தாண்டி, ஐஸ் கிடங்கைத் தாண்டி, சிமெண்டுச் சரிவில் இறங்கினாள். மணலில் பத்து மிதி மிதிப்பதற்குள் முன்சக்கரம் புதைந்து சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தள்ளிக்கொண்டே ஈர மணலுக்குப் போனாள். அங்கும் டயர் கத்தி மாதிரி கோடு கிழித்துக்கொண்டு இறங்கியது.

டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். கல்.

இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிப் பழகியிருந்தாள். விரல் பாதி அமுங்குகிற அளவுக்குக் காற்று இருந்தால்தான் டயர் மணல்மேல் பரவும், மிதக்கும். கொழுந்தன் இருபது வருடமாக ரோட்டு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். மெத்தென்ற டயரைப் பார்த்தால் அவனுக்கு மானம் போகும். பாசத்தில் அடித்துவிட்டான்.

திட்டுவதற்கு நேரமில்லை. வால்வு மூடியைக் கழற்றி, வீட்டுச் சாவியின் நுனியால் ஊசியை அழுத்தினாள். காற்று சீறியது. முன்னால், பின்னால், மறுபடியும் முன்னால். அவசரத்தில் முன்சக்கரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே விட்டுவிட்டாள். திரும்ப அடிக்கப் பம்பு இல்லை. பெட்டியே ஒன்பது கிலோ, சுமை குறையட்டும் என்று அவளேதான் நேற்று பம்பைக் கழற்றிக் கடையில் வைத்தாள்.

ஆனால் சைக்கிள் ஓடியது. நண்டுகள் சிதறி ஓடின. வலையிலிருந்து அறுந்த கயிறு, ஒற்றைச் செருப்பு, நுரை. அவள் எதையும் நின்று பார்க்கவில்லை. பாறைமுனைவரை ஏழு கிலோமீட்டரும் ஒரே மிதி.

பாறைமுனையின் ஒற்றையடிப் பாதையில்தான் சிக்கல். மணலுக்கு நல்லதாயிருந்த டயர் கல்லுக்குப் போதவில்லை. மூன்றாவது கல்லில் முன்சக்கரத்தின் இரும்பு வளையமே போய் மோதியது. டங். உள்ளே ட்யூப் கடிபட்டுவிட்டது. இறங்கிப் பார்ப்பதற்குள் டயர் துணியாய்க் கிடந்தது.

உருட்டினாள். படி மாதிரி இருந்த இடங்களில் தூக்கினாள். ஒரு முறை பெடல் திரும்பிக் கெண்டைக்காலைக் கிழித்தது. பெட்டியைப் பார்த்தாள். ஐந்து டிகிரி. காலைப் பார்க்கவில்லை.

முனையைத் தாண்டி மறுபக்க மணலில் இறங்கியபோது ஏழு முப்பத்தைந்து. இன்னும் இரண்டு கிலோமீட்டர். கடைசி வளைவில் வெள்ளை ஜீப் நகம் அளவுக்குத் தெரிந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. காற்றில்லாத சக்கரம் பிடிவாதக் கழுதை மாதிரி மணலில் காலை ஊன்றிக்கொண்டது.

சைக்கிளை இங்கேயே போட்டுவிடலாம். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தால் எட்டுக்குள் போய்விடலாம். கயிற்றின் முதல் சுற்றை அவிழ்த்தும்விட்டாள்.

போய் என்ன ஆகும்? ஒருத்திக்கு நடக்கத் தெரியும் என்பது நிரூபணமாகும். வாராவாரம் நட என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை.

சுற்றைத் திரும்பக் கட்டினாள். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்தை மட்டும் உருட்டியபடி நடந்தாள். நூறு அடிக்கு ஒரு முறை கை மாற்றினாள். அலை முழங்கால்வரை வந்து போனது.

எட்டு இருபத்தைந்துக்கு ஜீப்பின் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்தாள். மரத்தடியில் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்பே தகவல் போயிருந்தது.

“நர்ஸம்மா, நீங்க சைக்கிள்ல வந்தீங்களா, சைக்கிள் உங்க மேல ஏறி வந்துச்சா?” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

“பாதிக்குப் பாதி,” என்றாள் நர்ஸ்.

எட்டு டிகிரி சிரிக்கவில்லை. குனிந்து மூடியைப் பார்த்தார். “ஆறு.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இருபத்தஞ்சு நிமிஷம் லேட்.”

“டயர்ல காத்து தப்பு சார். எவ்வளவு வேணும்னு இப்ப தெரியும். பம்பும் எடுத்துட்டு வருவேன்.”

“அந்தக் காலை முதல்ல கழுவும்மா.”

“குழந்தைங்க முதல்ல.”

பதினான்கு குழந்தைகள். பதினான்கு அழுகை. அவர் ஜீப் கதவில் சாய்ந்து கடைசி ஊசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து அட்டவணைத் தாளை எடுத்தார்.

“லேட்டை நான் பார்த்துக்கறேன். அடுத்த புதனும் இதே எட்டு மணின்னு போட்டுடவா?”

ஆமாம் என்றால் முடிந்தது. கையெழுத்து விழுந்துவிடும். நர்ஸ் கடலைப் பார்த்தாள். அவள் வந்த தடம் இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்.

“முடியாது சார்.”

“என்னது?”

“அடுத்த புதன் இந்நேரம் கடல் மேல நிக்கும். மத்தியானம்தான் இறங்கும். அதுக்கடுத்த புதன்தான் மறுபடி காலையில, ஏறக்குறைய இதே நேரம்.”

“ஆபீஸ்ல வாரம்னா வாரம்தான்மா. கட்டம் அப்படித்தான் போட்டிருக்கு. ரெண்டு வாரத்துக்குக் கட்டமே கிடையாது.”

“கட்டம் இல்லைன்னா ஒரு கோடு கிழிச்சுப் போட்டுக்கலாம்.” அவள் மரத்தடியைப் பார்த்தாள். சிரித்த பெண் எழுந்து அருகில் வந்து நின்றாள். மற்றவர்களும் வந்தார்கள். அவர் பேனாவைத் திறந்தார், எழுதவில்லை. நர்ஸ் சைக்கிள் சீட்டின் மணலைத் தட்டிவிட்டு, தாளை வைக்க இடம் செய்தாள்.

“ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, புதன்கிழமை, சைக்கிள். இங்க வச்சு எழுதுறீங்களா சார்?”