நெவேனாவின் தலையாட்டல்

நெவேனாவின் விண்ணப்பத்தில் ஒரு பிழைகூட இல்லை. ரங்கெலுக்கு அதுதான் பிடிக்கவில்லை. பாலைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலைக்கு இவ்வளவு வழவழப்பாக யார் எழுதுவார்கள்? கடைசியில் ஒரு குறிப்பு வேறு: செயற்கை நுண்ணறிவின் உதவியோடு எழுதிய கடிதம் இது, வரிவரியாக நானே சரிபார்த்தேன், நான் செய்யாத வேலை எதுவும் இதில் இல்லை. இந்தக் குறிப்பையும் அதுவே சொல்லிக் கொடுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சூடுபட்ட மனிதர் அவர். செவ்லியெவோ ஊருக்கு வெளியே இருக்கும் பாலாடைக்கட்டி ஆலையில் சோதனைக்கூடம் அவர் பொறுப்பு. போன வருடம் பிளாமென் என்று ஒருவன் இப்படித்தான் மெஷின் எழுதிய கடிதத்தோடு வந்தான். எட்டு வருட அனுபவம், ஜெர்மனியில் பயிற்சி என்று அளந்திருந்தது. வேலைக்கு வந்த பிறகு பார்த்தால், சோதனைப் பட்டையின் எந்த முனையைப் பாலில் நனைப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. ஜனவரியில், ஊசி போட்ட மாடுகளின் பால் ஒரு டேங்கர் நிறைய உள்ளே போய்விட்டது. மருந்து கலந்த பால் உறையுமா? தொட்டி தொட்டியாகக் கொட்டினார்கள். பிளாமென்தான் சோதிக்காமல் விட்டான் என்று ரங்கெல் முதலாளியிடம் சொன்னார். அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆளும் இப்படி அமைந்தால் நீயும் கிளம்ப வேண்டியதுதான் என்று முதலாளி எச்சரித்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் எங்கே போய் நிற்பது?

நெவேனாவுக்கு நாற்பது வயதிருக்கும். கோட்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடிக்கிறேன் என்றாள். நீட்டிய கோப்பையை ரங்கெல் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். அவள் கோப்பை போன திசையைப் பார்த்தாள்.

விஷயம் என்னவென்றால், அவள் வாய் ஆமாம் என்றது, தலை மேலும் கீழும் போனது. எங்கள் செவ்லியெவோ பக்கம் ஆமாம் என்றால் தலை இடமும் வலமுமாக ஆடும். இல்லை என்றால் மோவாய் ஒரே வெட்டாக மேலே போகும், நாக்கும் கூடவே ‘ச்சு’ கொட்டும். தொட்டில் குழந்தைக்குக்கூட இது தெரியும். வெளிநாட்டுக்காரன்தான் தலைகீழாக ஆட்டுவான். ஆள் எடுக்கும்போது ரங்கெல் வாயை நம்பமாட்டார், தலையைத்தான் பார்ப்பார்.

மருந்து கலந்த பாலைக் கண்டுபிடிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். தலை மேலும் கீழும் போனது. அடி கள்ளி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். சோதிக்காமல் எப்போதாவது கையெழுத்துப் போட்டதுண்டா? ஒரு நாளும் இல்லை என்றாள். தலையோ இடமும் வலமுமாகத் தாராளமாக ஆடியது. ரங்கெல் அவள் பெயருக்கு நேரே கோடு போடப் பேனாவைத் திறந்தார். கடிதத்தில் சரியாகப் படிக்காமல் விட்ட ஒன்றை ஒப்புக்குக் கடைசியாகக் கேட்டார்.

“பழைய வேலையை நீங்களாவே விட்டீங்களா?”

“இல்ல சார். வெளிய அனுப்பிட்டாங்க.”

தலை மறுபடி இடமும் வலமும் ஆடியது. நானே விட்டேன் என்றது தலை. துரத்தினார்கள் என்றது வாய். ரங்கெலின் பேனா அப்படியே நின்றது. பொய் சொல்கிறவள் தன்னை உயர்த்தித்தானே சொல்வாள்? துரத்தப்பட்டேன் என்று எவளாவது புளுகுவாளா? பிளாமெனின் கடிதம் ஒரு இடத்தில்கூட அவனைக் குறைத்துச் சொன்னதில்லை.

“உங்க தலைக்கு என்னம்மா ஆச்சு?”

நெவேனாவின் முகம் சிவந்துபோனது. ஆறு மாதமாக வேலை இல்லை, இதுவும் போனால் மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு ஜெர்மனியில் கிழவர்களைக் குளிப்பாட்டத்தான் போக வேண்டும், அதனால் நான்கு நாள் மெஷினோடு கேமரா முன்னால் உட்கார்ந்து நேர்காணலுக்குப் பழகினேன் என்றாள். நீங்கள் ஆமாம் சொல்லும்போது தலை இல்லை என்கிறது, கேட்பவர் உங்களை நம்பமாட்டார் என்று அது திரும்பத் திரும்பத் திருத்தியிருக்கிறது. இவளும் கண்ணாடி முன்னால் நின்று தலையை மாற்றிப் பழக்கியிருக்கிறாள்.

“கடுதாசில ஒவ்வொரு வார்த்தையா சந்தேகப்பட்டேன் சார். புதிய சவால்களைத் தேடி விலகினேன்னு எழுதிக் குடுத்துச்சு, அந்த வரிய அடிச்சுட்டு, வெளிய அனுப்பிட்டாங்கன்னு நானே எழுதினேன். தலை விஷயத்துல மட்டும் அது சொன்னத அப்படியே நம்பிட்டேன்.”

ரங்கெல் சிரித்துவிட்டார். காபியை அவள் பக்கம் தள்ளினார். ஏன் அனுப்பினார்கள் என்று விசாரித்தார். சோதனைப் பட்டை தீர்ந்துபோன ஒரு நாளில் டேங்கருக்குக் கையெழுத்துப் போட மறுத்தாளாம். அவருக்கு மனம் லேசாகிவிட்டது. இப்படி ஒருத்தியைத்தானே தேடினோம் என்று தோன்றியது. அந்த உற்சாகத்தில் பிளாமென் கதையை எடுத்துவிட்டார். கடிதத்தில் சிங்கம், கூடத்தில் பூனை, ஒரு டேங்கர் பாலை நாசமாக்கிவிட்டான் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

நெவேனா சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள்.

“டேங்கர் உள்ள போக ரெண்டு கையெழுத்து வேணுமே சார். அவன் ஒருத்தன்தான் போட்டானா?”

“அவன் மட்டும்தான்” என்றார் ரங்கெல். அவருடைய மோவாய் வெடுக்கென்று மேலே போனது. நாக்கும் ‘ச்சு’ கொட்டியது. தடுக்க நேரமே இல்லை.

அவள் பார்த்துவிட்டாள். ரங்கெலுக்குக் காது வரை சூடேறியது. ஜனவரியில் அன்று கொட்டும் பனியில் டேங்கர்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். பிளாமென் பட்டைப் பெட்டியைத் திறக்கத் தெரியாமல் விழித்தான். நேரமாகிறது, போட்டுத் தொலை என்று தன் கையெழுத்தை முதலில் போட்டுத் தாளை அவனிடம் நீட்டியவர் ரங்கெல். அந்தத் தாளைக் கோப்பிலிருந்து உருவிக் கிழித்தவரும் அவர்தான். நான்கு மாதமாக அதை நினைக்காமலே இருக்கப் பழகியிருந்தார்.

“நான்தான் மொதல்ல போட்டேன்” என்றார்.

“மொதலாளிக்குத் தெரியுமா?”

மோவாய் மறுபடி மேலே போனது. இந்த முறை வாயும் தெரியாது என்றது.

நெவேனா எழுந்து கோட்டை மாட்டத் தொடங்கினாள். வேலை உங்களுக்குத்தான், திங்கட்கிழமை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள் என்று ரங்கெல் அவசரமாகச் சொன்னார். அவள் ஒரு கையை உள்ளே விட்டபடி நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எதுக்குக் குடுக்கறீங்க சார்? பாலப் பாக்கவா, வாய மூடவா?”

“பாலப் பாக்கத்தாம்மா.”

“அப்ப மொதலாளிகிட்ட சொல்லிடுங்க. பழி அந்தப் பிளாமென் தலையிலேயே கெடக்குது. நீங்க சொன்னதுக்கு அப்புறமும் நான் வேணும்னு மொதலாளி கூப்பிட்டா வரேன்.”

அவளுக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்று இப்போது ரங்கெலுக்குத் தெரியும். இருந்தும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். ரங்கெல் காபிக் கோப்பையை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு முதலாளியின் எண்ணை அழுத்தினார். மூன்றாவது மணியில் முதலாளி எடுத்து, என்ன ரங்கெல், நல்ல ஆளாகக் கிடைத்ததா என்று கேட்டார். ரங்கெலின் தலை இடமும் வலமுமாக ஆடியது. போனில் தலையாட்டி என்ன பயன்? ஆள் கிடைத்ததையும், அந்த முதல் கையெழுத்து யாருடையது என்பதையும் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.