குடை பிடித்தவரின் முகம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. 2006 தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்த வாரத்தில், ஏழாயிரம்பண்ணைப் பேருந்தில் முன் இருக்கையிலிருந்த பொன்னுத்தங்கம் சொன்னது. கேட்டதுமே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பே திமிர்தான்.

முதல் தொடக்கம்: ‘அரண்மனைத் தூண்களின் மேல் மாலை வெயில் பொன்னாக…’ வேண்டாம். அந்தத் தூண்களை ஊர்ச் சனங்கள் கூலியில்லாமல் சுமந்திருக்கிறார்கள். அதற்கு என்ன அலங்காரம்?

2

பொன்னுத்தங்கம் எம். புதுப்பட்டியில் சரவெடி பின்னுகிறவள். வயது ஐம்பது. அவளுடைய அப்பா, அவள் வாயில் அய்யா, அந்த ஜமீன் அரண்மனையில் (பெயரை எழுதி அடித்துவிட்டேன்) குடை பிடிக்கும் ஆள். ஜமீன் ஒழிந்தது என்று அரசாங்கம் சொன்ன பிறகும் பத்து வருஷம் பிடித்தார். பிறந்ததிலிருந்தே அரண்மனை ஆள்; போகிறேன் என்று சொல்ல வாயும் இல்லை, போக இடமும் இல்லை. இவளுடைய நாலு வயதில் செத்துப்போனார். முகம் மறந்துவிட்டது.

அரண்மனையை இப்போது காட்சிக்குத் திறந்திருக்கிறார்கள், அங்கே ஒரு பழைய படத்தில் குடைக்காரரும் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, மகள் எழிலைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அய்யா முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

3

படம் இருந்தது. நடுவில் நாற்காலியில் ஜமீன்தார். தலைக்கு மேல் குடை. குடைக்காம்பைப் பிடித்த ஒரு கை, முழங்கை வரை. அதற்கப்புறம் மரச்சட்டம்.

[ஜமீன்தார் காலடியில் படுத்திருந்த நாயின் பெயரைக்கூடப் படத்தின் கீழே எழுதியிருந்தார்கள் என்று முதலில் எழுதினேன். பொய். நாயே கிடையாது. உங்கள் ஆத்திரத்தைக் கிளப்ப நான் கொண்டுவந்து கட்டியது.]

காவலாளி நல்லசிவம் தன்மையான மனிதர்தான். புதுச் சட்டத்துக்குப் படம் பெரிதாகிவிட்டதால் ஓரத்தை நறுக்க வேண்டியதாயிற்று என்றார்.

“நறுக்குன துண்டு எங்கன தம்பி?”

“குப்பையோட போயிருக்கும்க்கா. அதுல யாரும் இல்லன்னாக.”

அவள் அழவில்லை. இல்லை, அழுதாள். நான் ஏன் அவளைக் கல்லாக்கப் பார்க்கிறேன்? கண்ணாடிக்கு மேலாக அந்தக் கையைத் தடவித் தடவி அழுதாள். எழில் கூப்பிட்டும் நகரவில்லை.

4

முடிவு ஒன்று: அலமாரிக்குப் பின்னாலிருந்து அந்தத் துண்டை எழில் கண்டெடுக்கிறாள். எழுதினேன். அய்யாவின் மூக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நீள மூக்கா, சப்பை மூக்கா?

முடிவு இரண்டு: படத்தின் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்திலேயே அய்யாவின் முகத்தை அவள்… சீ. அவள் அப்படியே அம்மா சாயலாம். அவளே சொன்னாள்.

5

அவர்கள் அரண்மனையிலிருந்து திரும்பிய அந்தப் பேருந்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், கதை எழுதுகிறவன் என்று சொல்லித் தொலைத்திருந்தேன். இறங்குமுன் பொன்னுத்தங்கம் கேட்டாள்:

“எங்கய்யா இப்படித்தான் இருந்தாருன்னு நீங்களே ஒரு மொகத்த எழுதிக் குடுங்களேன்.”

மூன்று வருஷமாகிறது. என்னால் முடியவில்லை. நீங்கள் எழுதுவதானால் எழுதுங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு எழுதுங்கள்: எந்த முகத்தைக் கொடுத்தாலும் அவள் வாங்கிக்கொள்வாள். இது எங்கய்யா இல்லை என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.