மடிப்பு விழக் கூடாத ஷூ

1

ஓர் அலுவலகத்து மாடிப்படியில் ஒருவர் நண்டுபோலப் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்தார். காலில் அடிபட்டிருக்கும் என்று ஒதுங்கி வழிவிட்டேன். அடியெல்லாம் இல்லை, கால்விரல் மடங்கினால் ஷூவின் முகப்பில் மடிப்பு விழுந்துவிடுமாம். எனக்கு வந்த சிரிப்பில் பிறந்த கதை இது. வெறும் சிரிப்பு கதையாகாது என்பதால் அவருக்கு ஒரு மனைவியைக் கொடுத்தேன்.

2

(முதல் வரி: ‘அவள் காலணிகளை வெறுத்தாள்.’ வேண்டாம். வீட்டில் யார் காலணி என்கிறார்கள்?)

அவள் சலூனில் முடி வெட்டுகிறவள். நாள் முழுக்க நின்றே வேலை. வீடு திரும்பும்போது குதிகால் எரியும். அலமாரி முழுக்க அவர் வாங்கிச் சேர்த்து, போடாமலே வைத்திருக்கும் ஷூக்கள். அவள் துணிகள் நாற்காலியில்.

இந்த முறை அவர் ஆசைப்பட்ட புது ஷூவுக்காக ஒரு ஷூ கம்பெனியும் ஓர் ஓவியரும் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள். ஓவியர் செய்த வேலை, தையல் நூலைக் கத்தரிக்காமல் தொங்கவிட்டது. [நான் கிண்டலடிக்கக் கூடாதுதான். வெட்டவேண்டிய வரிகளைத் தொங்கவிட்டுத்தான் நானும் இதை உங்களிடம் தள்ளுகிறேன்.]

நினைத்தவர்களெல்லாம் வாங்கிவிட முடியாது. குலுக்கலில் பேர் விழுந்தால்தான் பணம் கட்டும் பாக்கியமே கிடைக்கும். அவர் தன் பேர், மச்சான் பேர், மனைவி பேர் எல்லாவற்றையும் போட்டுவைத்தார். விழுந்தது மனைவி பேர். அவள் ஃபோனில், அவளே உறுதிசெய்ய வேண்டும். இன்று மாலைக்குள்.

3

“அமுக்கும்மா. யோசிக்க என்ன இருக்கு?”

“நூல் தொங்குதே.”

“அதுதான் டிசைனே.”

“இப்படி அரைகுறையா வெட்டி அனுப்புனா எங்க கடையில சண்டைக்கு வருவாங்க.”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

இங்கே அவள் ஃபோனை விசிறியடிப்பாள், நாம் கைதட்டலாம் என்றுதான் திட்டம். ஆனால் அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தடித்த, மெத்தென்ற அடிப்பாகம். அவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

“இதுல என் அளவு இருக்கா?”

“உனக்கு எதுக்கு?”

“போட்டுக்கத்தான். வேலைக்கு.”

“வேலைக்கா? முடியெல்லாம் விழுமே அதுமேல.”

“விழுந்தா தட்டிவிட்டுக்கறேன்.”

“மடிப்பு விழும்மா.”

நோயாளியின் தலைமாட்டில் பேசுவதுபோல அவர் குரல் தாழ்ந்தது. குதிகால் எரியுது என்று அவள் சொன்ன எந்த நாளிலும் அந்தக் குரல் வந்ததில்லை. அவள் அதைக் கவனித்தாள். அளவை மாற்றும் இடத்தைத் திரையில் தேடினாள். இருந்தது.

4

ஒரு முடிவில் அவள் வாங்காமலே விட்டுவிடுகிறாள். புத்திசாலிப் பெண் என்று நீங்களும் நானும் மெச்சிக்கொள்கிறோம். நமக்கென்ன, எரிவது அவள் குதிகால்.

இன்னொன்றில் அவர் அளவிலேயே வாங்கிக்கொடுத்து, வீட்டில் அமைதி நிலவி, அலமாரியில் இன்னொரு பெட்டி ஏறி, அவள்—

இதை எழுத எனக்கே பிடிக்கவில்லை.

மிச்சமிருப்பது அவள் அளவு. ஏளனம் செய்யக் கிளம்பிய ஷூவை அவள் காலிலேயே மாட்டிவிடுவதா? அப்புறம் என் ஏளனத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆனால் அந்த ஷூவைப் போட்டு ஒழுங்காக நடக்கப்போகிறவள் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

அவள் விரல் திரைமேல் நிற்கிறது. பக்கத்தில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வாங்கலாமா, யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள். உட்கார்ந்துகொண்டு சொல்லாதீர்கள். ஒரு நாள் முழுக்க நின்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.