கிணற்றில் வரைந்த முகம்

மொராக்கோக்காரர் இத்ரீஸ் யாரிடமும் ஓவியம் கற்றதில்லை. மைசூரில் எங்கள் மாலை ஓவிய வகுப்பில் கதை சொல்லிக்கொண்டே வரைவார். கேட்பவர்கள் மறுநாளும் வரவேண்டும் என்று, அவருடைய ஊர்ச் சந்தைக் கதைசொல்லிகளின் வழக்கப்படி, கதையை உச்சத்தில் நிறுத்திவிடுவார்.

நேற்றைய கதையில் ஒருத்தி கிணற்றுக்குள் இறங்கினாள். அங்கேயே நிறுத்திவிட்டார்.

"அவளுக்கு என் முகத்த வைங்க சார்," என்றாள் என் வகுப்புத் தோழி ஹில்டா.

"கதை முடியும் முன் முகம் வரைவதில்லை," என்று தயங்கினார்.

"அய்யே, பயமா சார்?" என்று அவள் சீண்டியதும் வரைந்துவிட்டார்.

இன்று ஹில்டா வரவில்லை. வீட்டுக்குப் போனேன். நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாள், தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது.

"எவ்ளோ தொவட்டியும் காயல நிம்மி. லைட் போடேன், ஒரே இருட்டு."

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இத்ரீஸ் பக்கத்து ஊரான மேல்கோட்டைக்குப் போயிருந்தார், ஃபோனை எடுக்கவில்லை. வகுப்பறைக்கு ஓடி, படத்தின் முன் நின்று கதையை நானே முடித்தேன். மேலிருந்து கயிறு இறங்கியது. அவள் அதைப் பிடித்து ஏறி வந்தாள். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

ஹில்டா ஃபோன் செய்தாள், சந்தோஷத்தில் 'டீ'க்குப் பதில் கன்னடத்தில் 'கணே' போட்டு. "முடி காஞ்சிடுச்சு கணே! வெளிச்சமும் தெரியுது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா கயிறு இன்னும் ஆடுதே, நிம்மி. கீழேர்ந்து யாரு ஏறுறா?"

கயிற்றை மேலே இழுத்துவிட்டதாகச் சொல்ல நான் மறந்திருந்தேன்.