நீலத் தார்ப்பாய்

வாடிப்பட்டிக்கு மேற்கே இருந்த செங்கல் சூளையில் காளை குனிந்து கல்லறுத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி முத்துத்தாய் காய்ந்த, இன்னும் சுடாத பச்சைக்கற்களை அடுக்கினாள். மதியத்திலிருந்து ஓர் இலைகூட அசையவில்லை.

மேஸ்திரி முத்திருளனின் போன் திடீரென்று அலறியது. அவர் திரையில் வந்த அரசு எச்சரிக்கையைச் சத்தமாக வாசித்தார். சூறைக்காற்று வரும், உறுதியான கட்டடத்துக்குள் இருக்கவும்.

"எங்க தகரக் கொட்டகை இருமுனாலே ஆடும்ணே," என்றான் காளை. எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கே கான்கிரீட் கூரை போட்டது முதலாளியின் ஆபீஸ் அறை மட்டும்தான். அதன் சாவி மேஸ்திரியின் இடுப்பில் தொங்கியது.

சிறுமலைப் பக்கம் வானம் செம்மண் நிறமானது.

"ரூமத் தொறங்கண்ணே," என்றாள் முத்துத்தாய்.

"தொறக்குறேன் தாயி. மொதல்ல கல்ல மூடுங்க. நனஞ்சா எனக்குத்தான் ஏச்சு."

காளை நீலத் தார்ப்பாயை இழுத்து விரித்தான். அதன் கயிற்று முனையை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான். காற்றடிக்கும்போது அந்தச் சூளையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பாய் பறக்காது, ஓரத்தில் கல் வைக்க இரண்டு கையும் மிச்சமிருக்கும்.

"கையில சுத்தாதய்யா. இது வேற காத்தா இருக்கு."

"ரெண்டு கல்லு வச்சுட்டு அவுத்துருவேன். நீ போ, வாரேன்."

ஆபீஸ் அறைக்கு அவள் பாதி தூரம்கூடப் போகவில்லை. புழுதி ஒரு தூண்போலச் சுழன்று களத்துக்குள் நுழைந்தது. கொட்டகைத் தகரங்கள் பனைமர உயரத்துக்கு எழுந்தன. முத்துத்தாய் மண் எடுத்த குழிக்குள் குப்புற விழுந்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

இரைச்சல் அடங்கியதும் எட்டிப்பார்த்தாள். களத்தின் கோடியில் கருவேல மரத்தில் தார்ப்பாய் சிக்கியிருந்தது. அதன் கீழே காளை கிடந்தான். கயிறு மணிக்கட்டுச் சதைக்குள் இறங்கியிருந்தது. விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன.

முத்திருளன் ஓடிவந்து அரிவாளால் கயிற்றை அறுத்தார்.

"வெரல மடக்கு மாப்ள."

மடங்கவில்லை.

"கை இருக்கா பாரு புள்ள," என்றான் காளை. "எனக்கு ஒண்ணும் தெரியல."

டிராக்டர் டிரெய்லரில் அவனைப் படுக்கவைத்தபோது மழை பிடித்துவிட்டது.

"அண்ணே, அந்தத் தார்ப்பாயக் குடுங்க. இவருக்குப் போத்திவிடணும்."

முத்திருளன் காதில் போன் இருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கல்லு நனையுது தாயி. மொதலாளி லைன்ல இருக்காரு."

அவள் முந்தானையை அந்தக் கையின் மேல் விரித்துக் குனிந்துகொண்டாள். பூட்டியிருந்த ஆபீஸ் அறையைத் தாண்டி டிராக்டர் திரும்பியது. பின்னால் களத்தில் நான்கு பேர் தார்ப்பாயைக் கற்களின் மேல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஓரத்தில் நின்ற ஒரு பெண், அறுந்த கயிற்றில் மிச்சமிருந்ததை எடுத்துத் தன் மணிக்கட்டில் சுற்றினாள்.